குளத்தைப் பளிங்காக்கிய ஞாயிற்றுக்கிழமை

என் தாய்மாமாவுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. எங்கள் ஊர்க் குளம் கெட்டதற்கு அந்த நல்ல குணம் ஒரு காரணம். நான் இன்னொரு காரணம்.

எங்கள் ஊர் கிணத்துக்கடவுக்குப் பக்கம். எனக்குப் பத்து வயதானபோது குளத்துக்கு மேலே வீட்டுமனைகள் போட்டார்கள். அவற்றின் சாக்கடையைக் குளத்தில் விடலாமா என்று பேச்சு நடந்தது. விட்டால் சுற்றியுள்ள தென்னந்தோப்புக் கிணறுகள் அத்தனையும் நாறிவிடும். மாமா ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. கடைசியில், உயிருள்ள குளமென்றால் சாக்கடை விடக்கூடாது என்றார்கள். அது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லக் கோயமுத்தூரிலிருந்து காலேஜ் அக்கா ஒருவர் வந்தார்.

அவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, பிளாஸ்டிக் குழாயில் செய்த சதுரச் சட்டம் ஒன்றை இங்குமங்கும் மிதக்கவிட்டு, அதற்குள் அகப்பட்ட செடிகளைப் பார்த்தார். வடக்கு மூலையில், தண்ணீருக்கடியில் ரிப்பன் மாதிரி இலைகளோடு ஒரு செடி இருந்தது. அதன் எதிரில் மட்டும் வெகுநேரம் குனிந்து நின்றார்.

கரையேறி மாமாவிடம் சொன்னார்: "செடிய வெச்சே தண்ணியப் பத்திச் சொல்லிப்போடலாமுங்க. ஆகாயத்தாமரை வந்துச்சுன்னா சாக்கடை வந்துருச்சுன்னு அர்த்தம். அடுத்த திங்கக்கெழமை ஆபீசரோட வந்து எண்ணிப்போடறேனுங்க."

மாமா எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டினார். வந்த விருந்தாளியைக் கேள்வி கேட்டுக் குடைவது எங்கள் வீட்டில் மரியாதையில்லை. அதனால் அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார். செடி என்றாலே குற்றம், அவர்கள் எண்ணப்போவது குற்றங்களை.

"ஊட்டுக்கு ஒருத்தர் வாராங்கன்னா வாசலக் கூட்டாம உடுவமா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஊரே குளத்தில் இறங்கியது. அத்தை பெரிய குண்டாவில் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கிக்கொண்டு வந்தார். அல்லி, கொட்டி, பாசி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் கரைக்கு வந்து மலையாகக் குவிந்தது. மதியத்துக்கு மேல் எல்லோரும் கைகால் கழுவும்போது, "மாமா, வடக்கு மூலைல இன்னும் கெடக்குதுங்க" என்று நான்தான் கத்தினேன். என் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. நோட்டுத் திருத்தும்போது டீச்சர் எந்தப் பக்கத்தில் அதிகநேரம் நிற்கிறாரோ அங்கேதானே தப்பு அதிகம்? நானே இறங்கி அந்தச் செடியை ஒன்று விடாமல் பிடுங்கினேன். "எங்க அம்மணிக்குத்தான் கண்ணு" என்றார் மாமா. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் வந்த அக்கா கரையிலேயே நின்றுவிட்டார். பிறகு குவியலருகே உட்கார்ந்து, வாடிய செடிகளை வகைவகையாகப் பிரிக்க ஆரம்பித்தார். ஆட்டுக்குக் கேட்கிறாரோ என்று நினைத்தேன். "இதெல்லாம் நேத்து வரைக்கும் உள்ளதான் சார் இருந்துச்சு" என்று ஆபீசரிடம் கெஞ்சினார். "தண்ணிக்குள்ள இருக்கறதத்தானுங்கம்மா எழுத முடியும்" என்றார் ஆபீசர். சட்டம் மிதந்த இடத்திலெல்லாம் பூஜ்யம் எழுதினார். எட்டிப் பார்த்த மாமா, ஒரு குற்றம்கூட இல்லை என்று அத்தைக்குப் போன் போட்டார்.

உயிரில்லாத குளம் என்று காகிதம் வந்தது. அதன் பின்னாலேயே சாக்கடையும் வந்தது. இன்று அங்கே ஆகாயத்தாமரை தவிர வேறெதுவும் இல்லை. அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாமா அழுததை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் போக இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. பாராட்டு வாங்கும் அவசரத்தில் அக்காவின் கையைப் பிடித்து வடக்கு மூலைக்கு இழுத்துப் போனேன். அடிமண் தெரிந்தது.

"நீயா கண்ணு புடுங்குன?"

"நானேதானுங்க. வேரோட."

அவர் என் தலையில் கையை வைத்தார். கொஞ்சநேரம் எடுக்கவில்லை. "பரவால்ல கண்ணு" என்றார்.

இவ்வளவு நன்றாகச் செய்தவளிடம் எதற்காகப் பரவாயில்லை என்கிறார் என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.