பௌர்ணமி முடிந்த மூன்றாம் நாள் கால்வலி

1. டாக்டரம்மா

நந்தினி எங்கள் கிட்னி கிளினிக்கில் சேர்ந்த முதல் நாளே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அவள் ஃபார்ம் டி, மருந்தியலில் ஆறு வருடப் படிப்பு. நான் வெறும் டிப்ளமோ. ஆனால் வேங்கிக்காலில் அந்த கிளினிக் திறந்த நாளிலிருந்து மருந்து கவுன்ட்டரில் நின்றவன். அவளுக்குத் தனி மேஜை, மெத்தை வைத்த நாற்காலி, கதவில் பெயர்ப் பலகை. எனக்கு ஒரு ஸ்டூல். அதுவும் ஆடும்.

மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களின் மாத்திரைகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. வைத்த கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க அவர்கள் ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அந்த மாத்திரைகளே பலருக்கு ரத்தத்தில் கொழுப்பை ஏற்றிவிடும். அதைக் குறைக்க இன்னொரு மாத்திரை. இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். இதைத்தான் நானும் பல வருடம் பார்த்தேன். எனக்கு யாரும் பலகை மாட்டவில்லை.

கீழ்பென்னாத்தூர் ஏழுமலை என்னுடைய ஆள். அவர் உடம்பில் ஓடுவது மனைவி மல்லிகா கொடுத்த கிட்னி. நிலத்தில் வேர்க்கடலை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பை பச்சை மல்லாட்டை வரும். அந்த வருடமும் பையோடு வந்தார்.

“டாக்டரம்மா இருக்காங்களா சார்?”

“எந்த டாக்டரம்மா?”

“அதான் சார், மாத்திரையெல்லாம் மேஜை மேல கொட்டச் சொல்லிப் பார்ப்பாங்களே.”

பை என்னைத் தாண்டி அவள் மேஜைக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. கடலைக்காகவா என்று கேட்டால், ஆமாம், கடலைக்காகவும்தான்.

2. சீட்டு

பிறகு ஒருநாள் ஏழுமலை வெளியே ஓர் இதய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

“கொழுப்பு ஜாஸ்தியா இருக்குதாம் சார். புதுசா எழுதிக் குடுத்தாரு. டாக்டரம்மா இன்னிக்கு லீவாமே, நாளைக்கு அவங்ககிட்ட காட்டிட்டு வாங்கிக்கட்டுமா?”

“ஏன், நான் பார்த்தா ஆகாதா?” என்று சீட்டைப் பிடுங்கினேன்.

சிம்வாஸ்டேட்டின் எழுதியிருந்தது. அவர் கிட்னிக்காகச் சாப்பிடுவது சைக்ளோஸ்போரின். இரண்டையும் சேர்க்கவே கூடாது, சேர்ந்தால் தசை கரைந்து கிட்னியை அடைக்கும். இது எனக்கு நன்றாகத் தெரியும். இப்படிப்பட்ட சீட்டுகளை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்று என் கண் சீட்டில் இல்லை, அவளுடைய காலி நாற்காலியில் இருந்தது. கவரில் ‘இரவு 1’ என்று எழுதுவதற்குக்கூட அரை நிமிடம் ஆகவில்லை. கொடுத்து அனுப்பினேன்.

3. கால்வலி

பௌர்ணமி முடிந்து இரண்டு மூன்று நாளைக்கு எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் கால்வலிக் கூட்டம்தான். பதினான்கு கிலோமீட்டர் மலையைச் சுற்றினால் வலிக்கத்தான் செய்யும். யாரும் காரணம் கேட்பதில்லை, தைலத்தை எடுத்து நீட்டுவோம்.

அப்படி ஒரு மூன்றாம் நாள் ஏழுமலை சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மல்லிகா தாங்கிப் பிடித்திருந்தார்.

“தொடையெல்லாம் வலி சார். எழுந்திருக்கவே முடியல.”

“கிரிவலம் போனீங்களா?”

“போனேன் சார்.”

“அப்புறம் என்ன?” நான் தைலத்தை எடுத்தேன்.

நந்தினி எழுந்து வந்தாள். “அண்ணே, இதுக்கு முன்னாடி சுத்தினப்ப இப்படி வலிச்சிருக்கா?”

மல்லிகாதான் பதில் சொன்னார். “மாசா மாசம் சுத்துறாருங்க. ஒருநாளும் இப்பிடிப் படுத்ததில்ல.”

“ஒன்னுக்கு என்ன கலர்ல போவுது?”

“டிகாஷன் மாதிரி போவுதுங்க.”

“தண்ணி கம்மியா குடிச்சிருப்பாரு,” என்று நான் சிரித்தேன். என்னோடு யாரும் சிரிக்கவில்லை.

அவள் பையிலிருந்த மாத்திரைகளை மேஜையில் கொட்டச் சொன்னாள். என் கவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பெரிய டாக்டர் அறைக்குப் போனாள். உடனே ரத்தம் எடுத்தார்கள்.

ரிசல்ட் நார்மலாக வர வேண்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டேன். ஏழுமலைக்காக அல்ல. அவள் சந்தேகம் தப்பாகிப் போக வேண்டும் என்பதற்காக. அப்போதுகூட என் புத்தி அங்கேதான் இருந்தது.

அவள் சந்தேகப்பட்டதுதான் சரி. தசை கரைந்திருந்தது, கிட்னி வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருந்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் மல்லிகா கொடுத்த கிட்னி போயிருக்கும். மாத்திரையை நிறுத்தி, அட்மிட் செய்து, நாள் கணக்கில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். கிரியாட்டினின் மெல்ல மெல்ல இறங்கியது.

டிஸ்சார்ஜ் அன்று மல்லிகா கவுன்ட்டருக்கு வந்தார். கையில் மல்லாட்டைப் பை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

“அம்மா, அந்த மாத்திரைய எடுத்துக் குடுத்தது நான்தான்.”

“தெரியுங்க சார். கவர்ல உங்க எழுத்துதானே.” பையை என் முன்னால் வைத்தார். “இத டாக்டரம்மாகிட்ட குடுத்துடுங்க. நான் ஆட்டோ பாக்கணும்.”

பையைத் தூக்கிக்கொண்டு போய் அவள் மேஜையில் வைத்தேன். பத்தடி தூரம்தான். அப்படியே, கையில் இருந்த வேறொருவரின் சீட்டையும் நீட்டினேன். “இதக் கொஞ்சம் பாரும்மா.” அவள் எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

கவுன்ட்டருக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இப்போதும் இரண்டு விஷயம் சொல்வேன். மாற்றுக் கிட்னிக்காரர் கால்வலி என்றால், பௌர்ணமியாகவே இருந்தாலும், சிறுநீர் என்ன நிறம் என்று கேளுங்கள். யார் மேலாவது வயிறு எரிகிற நாளில் சீட்டை இரண்டு தடவை படியுங்கள். பொறாமை போய்விடும் என்று சொல்லமாட்டேன். ஓய்வு பெறும் வரை எனக்குப் போகவில்லை. அதனால் கடைசி நாள் வரை எல்லாச் சீட்டையும் இரண்டு தடவை படித்தேன்.