வீட்டுல இல்லாத காந்தம்

எம் பேத்தி கண்டிப் பக்கம் கேம்பஸ்ல படிச்சுக்கிட்டிருந்துச்சு. மக வயித்துப் புள்ள. எங்க தேயிலைத் தோட்டத்து லயத்துலேயே கேம்பஸுக்குப் போன மொத ஆளு அதுதான். அத சொல்லாம விட்டா எனக்கு சோறு எறங்காது. அந்த வருசம் வடக்க சண்டை உச்சத்துல இருந்துச்சு. கேம்பஸையும் என்னமோ ஸ்ட்ரைக்குன்னு மூடிட்டாங்க. புள்ள ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு, கினிகத்தேனை வளைவெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டே வீடு வந்து சேந்துச்சு. பஸ்ஸுல பக்கத்துல ஒக்காந்திருந்த பொம்பள, டிவியாக்கும்னு நெனச்சு வெல கேட்டாளாம்.

எங்க ஒத்த ரூம்பு காம்பரா மூலையில மேசையப் போட்டு அத ஓட விட்டுச்சு. ஓட விட்டுச்சுன்னா ராப்பகலா ஓடும். குளவி கூட்டுக்குள்ள காத வச்ச மாதிரி ஒரு சத்தம்.

"நடுவுல நின்னுச்சுன்னா மொதல்ல இருந்து போடணும் அம்மாயி. தொடாதீங்க"ன்னுச்சு.

"அப்படி என்னத்தப் புள்ள அரைக்குது அது?"

போனுக்குள்ள, கம்ப்யூட்டருக்குள்ள கொறைகடத்தின்னு ஒரு சாமான் இருக்காம். அத இதுக்கு மேல சீவ முடியாதுங்கற அளவுக்கு, ரெண்டு மூணு அணு தடிப்புக்குத் தகடாக்கி, நடுவுல ஒரு அணுவ மட்டும் பிடுங்கிட்டா அந்த எடத்துல காந்தம் வருமான்னு பாக்குதாம். உள்ள இருக்கற துணுக்கெல்லாம் பாதி மேல பாத்தும் பாதி கீழ பாத்தும் நின்னா காந்தம் இல்லியாம், ஒரு பக்கம் கூடிப்போனா காந்தமாம். எனக்கும் வெளங்குன மாதிரிதான் இருந்துச்சு.

"தகடு எங்க?"ன்னேன்.

"தகடு இல்ல அம்மாயி. எல்லாம் கணக்குலதான்."

எல்லாரும் காலையில பெரட்டுல பேர் குடுத்து கொழுந்தெடுக்கப் போன பொறகு ஒரு நா லயத்துல போலீஸ் ஜீப்பு வந்து நின்னுச்சு. அப்பல்லாம் தமிழ்ப் புள்ளைங்கள தேடி வர்றது சகஜம். மேல் லயத்துல ஒரு பையன விசாரிக்கணும்னு கூட்டிட்டுப் போயி, அவன் ஆத்தா ஸ்டேசன் ஸ்டேசனா அலைஞ்சுக்கிட்டிருந்தா. புள்ள பீலித் தண்ணியில குளிக்கப் போயிருந்துச்சு. நான் மட்டுந்தான் வீட்டுல.

பெரிய ஐயா ஒருத்தர், துப்பாக்கியோட ஒரு கான்ஸ்டபிள். பெட்டி சத்தத்தக் கேட்டதும் பெரிய ஐயா மூஞ்சி மாறிருச்சு. மே மொக்கத, இது என்னன்னாரு. எனக்கு சிங்களம் நல்லா வரும், கடையில பேசிப் பேசி வந்தது. பேத்தி பெரும வேற. "பேத்தி கேம்பஸ்லங்க மாத்தயா, காந்தம் பத்தி படிக்குது"ன்னுட்டேன். சிங்களத்துலயும் காந்தத்துக்கு அதே பேருதான்.

வாகனத்துக்கு அடியில காந்தம் வச்சு ஒட்டற குண்டெல்லாம் இருக்குன்னு எனக்கு யாரு சொன்னா?

"காந்தம கோ?"ன்னாரு. காந்தம் எங்க? கட்டிலுக்கு அடியில, அரிசி டின்னுல, சாமி படத்துக்குப் பின்னால எல்லாம் தேடுனாங்க. இல்லாதத எங்கிட்டு எடுத்துக் குடுக்க? "இல்லங்க மாத்தயா"ங்கறேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பொய் மாதிரி கேக்குது. ஈரத் தலையோட புள்ள வந்துச்சு. கண்ணுக்குத் தெரியாத தகடு, கணக்குல மட்டும் இருக்கற காந்தம்னு அது உண்மைய சொல்லச் சொல்ல அவரு மொறைக்கறது கூடுச்சு.

பெட்டிய புடுங்குன்னாரு ஐயா. புள்ள முன்னால போயி நின்னுச்சு. "சாயங்காலம் முடிஞ்சுரும் சேர். அது வரைக்கும் விடுங்க. எங்க கேம்பஸ் சேருகிட்ட கேட்டுப் பாருங்க." அவரு அந்த சேரோட நம்பர வாங்கிக்கிட்டாரு. புள்ளயோட அடையாள அட்டையயும் வாங்கி சட்டப் பையில போட்டாரு. என்ன வருதுன்னு பாத்துருவோம்னுட்டு, முடியற வரைக்கும் யாரும் அதத் தொடக்கூடாதுன்னு கான்ஸ்டபிள ஒக்கார வச்சிட்டு மத்த லயத்துக்குப் போயிட்டாரு.

அப்புறம் எனக்கு ஒரே வேண்டுதல். மாரியாத்தா, காந்தம் வரக் கூடாது. வந்தா புள்ளய கொண்டுபோயிருவாங்க. புள்ள என்னடான்னா வரணும் வரணும்னு தெரைய பாத்து முணுமுணுக்குது.

மத்தியானம் பக்கத்து காம்பரா பொம்பள எட்டிப் பாத்தா. "என்ன மதினி, பேத்திக்கு மாப்பிள்ள பாத்தாச்சா? துப்பாக்கியோடல்ல வந்திருக்காரு."

"வாய மூடிக்கிட்டு போடி."

போனவ துணி தேய்க்க அயனப் போட்டா. எங்க லயத்து கரண்டுக்கு அது தாங்காது. பல்பு மங்குச்சு, பெட்டி சத்தம் எறங்குச்சு. கான்ஸ்டபிள் துப்பாக்கியோட எந்திரிச்சு வெளிய ஓடி, "அயன் எபா! எபா!"ன்னு, வேணாம் வேணாம்னு, போட்ட சத்தத்துல அயன் என்ன, லயத்துல ஒரு அடுப்புகூட எரியல. பெட்டி தப்பிச்சுருச்சு. அந்த ஆளுக்கு ஒரு பிளேன்டீ போட்டுக் குடுத்தேன்.

கொழுந்த எடை போட்டுட்டு எல்லாரும் திரும்பற நேரம் ஜீப்பு மறுபடி வந்துச்சு. பெட்டியும் அப்பத்தான் அடங்குச்சு. புள்ள தெரைய பாத்துச்சு. பாத்துட்டு சிரிச்சுச்சு.

"தியெனவாத?"ன்னாரு பெரிய ஐயா. இருக்கா?

இல்லன்னு சொல்லு புள்ளன்னு கண்ண காட்டுறேன். அது என்னைய பாக்கவே இல்ல. "தியெனவா சேர். இருக்கு." தெரைய திருப்பிக் காட்டுச்சு. உருண்ட உருண்டையா வரிசை, நடுவுல ஒன்ன காணல, அந்த ஓட்டையச் சுத்தி செவப்பா இருந்துச்சு, அதான் காந்தமாம்.

அவரு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் அந்த நம்பருக்குப் போன் போட்டுப் பேசிட்டு, புள்ளகிட்ட நீட்டுனாரு. "ஒங்க சேரு. நான் ஒன்னையப் பத்திக் கேட்டா, அவரு என்னைய காந்தம் வந்துச்சா வரலியான்னு கேக்குறாரு." புள்ள இங்கிலீசுல பேசுது, அந்தப் பக்கம் அந்த சேரு சிரிக்கறது எனக்கே கேக்குது. நான் பெரிய ஐயாவோட சட்டப் பையத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்.

அட்டைய எடுத்தாரு. போட்டோவ பாத்தாரு, புள்ள மூஞ்சிய பாத்தாரு, மறுபடி போட்டோவ பாத்தாரு. குடுத்துட்டாரு.

வாசல்ல நின்னு எங்கிட்ட மெதுவா சொன்னாரு. "ஆச்சி, இனிமே யாரு கேட்டாலும் கணக்குப் படிக்குதுன்னு சொல்லுங்க."

அப்புறம் புள்ளயப் பொண்ணு பாக்க வந்தவங்க என்ன படிக்குதுன்னு கேட்டப்பவும் நான் கணக்குன்னுதான் சொன்னேன்.