மூன்றாம் முறை பாடிய தாய்

காஜா பேராங் தெருத் தையற்காரர் கணேசமூர்த்தி இயல்பிலேயே பயந்த மனிதர். ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் நுழைந்த நாளிலிருந்து பூட்ஸ் சத்தம் கேட்டாலே தையல் மிஷினுக்குப் பின்னால் குனிந்துகொள்வார். ராணுவச் சட்டைகளைத் தைத்துக் கொடுக்கிறவர் என்பதற்கு அடையாளமாக அவர் கையில் ஒரு துணிப்பட்டை கட்டிவிட்டிருந்தார்கள். அது இல்லாமல் அவர் கக்கூசுக்குக்கூடப் போவதில்லை.

அப்பேர்ப்பட்டவரை வீட்டைவிட்டுக் கிளப்பியது ஒரு பழைய படம். சண்டைக்கு முன்னால் அதைப் பதினோரு தடவை பார்த்திருந்தார். கப்பலேறிப் போன மகனை நினைத்துக் கடற்கரையில் ஒரு தாய் பாடுவாள். அந்த இடத்தில் மனிதர் கரைந்துபோவார். அந்தப் படத்தை ஞாயிறு பிற்பகல் இலவசமாகக் காட்டுவதாக ஒலிபெருக்கி வண்டியில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

மனைவி ஜெயா வாசலை மறித்தாள். "சும்மா படம் காட்ட இவனுங்களுக்கு என்ன வந்துச்சு? சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் புடிக்கிறானுங்கன்னு பாசார்ல பேசிக்கிறாங்க. தம்பியக் கூட்டிட்டுப் போவாதீங்க."

"பட்டப்பகல்ல, அத்தன பேர் மத்தியில என்ன செஞ்சிருவான்? நான் இருக்கேன்ல?"

அவள் தம்பி பொன்னுதுரைக்கு இருபத்திரண்டு வயது. மரவள்ளிக்கிழங்கும் பயமுமாக நாள் தள்ளி அலுத்திருந்தவன், சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தான்.

கொட்டகையில் ஒரு பெண்கூட இல்லை. ஏன் என்று கணேசமூர்த்தி யோசித்திருக்க வேண்டும். அவர் கவலையெல்லாம் படம் கசந்துபோயிருக்குமோ என்பதுதான். முதலில் அப்படித்தான் இருந்தது. கோமாளி அறை வாங்கும் இடத்தில் முன்பு விழுந்து விழுந்து சிரித்தவர், இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். தெருவில் அறை வாங்கியவர்களை அவர் பார்த்திருந்தார்.

பிறகு தாய் பாடினாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஊரிலிருக்கும் அவருடைய அம்மாவிடமிருந்து இரண்டு வருடமாகக் கடிதம் இல்லை. கணேசமூர்த்தி தேம்பித் தேம்பி அழுதார். இத்தனை தடவை பார்த்த படம் இன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. பாட்டு முடிந்ததும் பழைய வழக்கப்படி எழுந்து, "ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார்.

கொட்டகையே சேர்ந்து கத்தியது. ரீலைத் திருப்பிச் சுற்றிப் பாட்டை மறுபடி போட்டார்கள். மறுபடி கத்தினார்கள், மறுபடி போட்டார்கள். மூன்றாம் முறை தாய் வாயைத் திறந்தபோது அவருக்கு முதுகு சில்லிட்டது. முன்பெல்லாம் தொண்டை கிழியக் கத்தினால்தான் ஒரு தடவை போடுவார்கள். இப்போது கேட்கக் கேட்கக் கிடைக்கிறதே! யாருக்கோ நேரம் தேவைப்படுகிறது.

"இங்கயே இரு. வெளிய என்னான்னு பாத்துட்டு வந்துர்றேன்."

"சீக்கிரம் வாங்க மாமா," என்றான் பொன்னுதுரை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பின்வாசலைத் திறந்தார். சந்து நெடுக லாரிகள். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் அவர் கைப்பட்டையைப் பார்த்தான். போ என்று தெருப்பக்கம் முகவாயை ஆட்டினான்.

உள்ளே திரும்பிப் போய்ப் பட்டையை அவிழ்த்துப் பையன் கையில் கட்டிவிடலாம் என்று கணேசமூர்த்திக்குத் தோன்றியது. தெளிவாகவே தோன்றியது. கால்கள் தெருப்பக்கம் நடந்தன. முதுகுக்குப் பின்னால் நானூறு குரல்கள் மறுபடி பாட்டைக் கேட்டுக் கத்தின.

ஜெயா வாசலிலேயே நின்றிருந்தாள். அவரைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"தம்பி எங்கங்க?"

"படம் இன்னும் முடியல," என்றார்.