தாளை மிதிக்காத பிள்ளை

எனக்கு அறுபத்தொன்பது வயது. பெற்றது நான்கு. நாத்தனார் போய்ச் சேர்ந்த பிறகு அவள் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. அந்த ஆறு பேருக்காகவும் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு ஆள் வந்திருக்கிறது. உங்கள் பிள்ளை பெஞ்சின் மேல் ஏறிக் குதிக்கிறான், மதிலிலிருந்து குதித்தான் என்றுதான் வருவார்கள். குதிக்க மாட்டேன் என்கிறாள் என்று என்னைக் கூப்பிட்டு விட்டது மலையாளத்து மண்ணில் இந்த மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

குதிக்காதவள் என் கடைசி மகளின் பிள்ளை யாழினி. ஐந்தாம் வகுப்பு. மகள் காலையிலேயே ஹோட்டல் வேலைக்குப் போய்விடுவதால் நான் போனேன். பீனா டீச்சர் நாற்காலி போட்டு உட்கார வைத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மே, மோள்டெ காலினு வல்ல பிரச்னையும் உண்டோ?" என்று கேட்டார். காலில் ஏதாவது கோளாறா என்கிறார். எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. "காலுக்கு என்ன டீச்சரே? நேத்துகூட மதிலேறி அடுத்த வீட்டுச் சாம்பக்காயைப் பறிச்சா. வேணும்னா அந்த வீட்டுச் சேச்சியக் கேளுங்க" என்றேன். டீச்சர் சிரிக்கவில்லை. என்னை வகுப்பு ஜன்னலுக்கு அழைத்துப் போய்க் காட்டினார்.

தரையில் வரிசையாகத் தாள்கள் ஒட்டியிருந்தன. ஒரு தாளில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. பிள்ளைகள் ஒவ்வொருவராக அவற்றை மிதித்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே போக வேண்டும். சற்று நிறுத்திப் படிக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். சொல்லி முடிக்கிற இடத்தில் இரண்டு காலும் தொப்பென்று விழ வேண்டும். கேள்வி என்றால் கையைத் தலைக்கு மேல் கொக்கிபோல் வளைக்க வேண்டும். தாளில் புள்ளி, கோடு எதுவும் இருக்காது. பிள்ளைகளின் உடம்புதான் புள்ளியும் கோடும். இங்கிலீஷ் இலக்கணத்தை இப்படித்தான் படிக்கிறார்களாம். யாழினியின் முறை வந்தது. முதல் தாளுக்கு முன்னால் நட்ட கம்புபோல் நின்றாள். பின்னாலிருந்த ஒருத்தி, "ஒந்நு சாடடீ, நினக்கு பசை ஒட்டியோ?" என்று, குதிக்கச் சொல்லி முதுகில் இடித்தாள். என் பேத்தி அசையவில்லை.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. டீச்சருக்குத்தான் விளங்கவில்லை. "எழுத்தை மிதிக்கக் கூடாதுன்னு நான் சொல்லி வளர்த்திருக்கேன்" என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அம்மே, புத்தகத்துல கால் பட்டா ஞங்ஙளும் தொட்டுக் கண்ணுல வெக்கும். பட்சே இது களியல்லே?" விளையாட்டுத்தானே என்கிறார். அடுத்த வருடம் இங்கிலீஷ் மீடியத்துக்கு யார் யார் என்று இந்த விளையாட்டைப் பார்த்துத்தான் எழுதிக் கொடுப்பாராம். வெள்ளிக்கிழமை கடைசி நாள். யாழினி வாயையும் திறக்கவில்லை, காலையும் தூக்கவில்லை என்றால் அவர் என்னவென்று எழுதுவார்? விஜயதசமிக்குக் குழந்தையின் நாக்கில் தங்கமோதிரத்தால் எழுதுகிற ஜனம்தான் இதுவும். நாக்கில் எழுதியதைக் காலுக்குக் கீழேயும் போடுகிறார்களே என்று வழியெல்லாம் எரிச்சலாக வந்தது.

அதைவிடப் பெரிய எரிச்சல் இவள்மேல். நான் இவளுக்கு நூறு சொல்லியிருக்கிறேன். ஈரத்தலையோடு படுக்காதே, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, வீட்டுக்குள் தமிழில் பேசு. தொண்ணூற்றொன்பதைக் காற்றில் விட்டுவிட்டு இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இதை நான் எங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தேன். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் வீட்டில் கடலை மடித்து வந்த காகிதத்தில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். இங்கே வந்து சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்க உட்கார்ந்தபோது, உட்காரச் சாக்கு கொடுத்தார்கள். சாக்கின்மேல் கறுப்பு மையில் என்னவோ எழுத்து. எந்தப் பாஷை என்றுகூட எனக்குத் தெரியாது. எழுத்துள்ள பக்கத்தை உள்ளே மடித்துத்தான் உட்காருவேன். "பாண்டியம்மைக்குச் சாக்கும் சரஸ்வதியாணு" என்று, தமிழ்க்காரியான என்னைக் கூட இருந்தவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும் என்று முப்பது வருடம் மடித்தேன். படிக்கத் தெரிந்தவர்களுக்கு எழுத்து கைக்கருவி, எடுப்பார்கள், வைப்பார்கள். தெரியாதவர்களுக்குத்தான் அது சாமி.

வெள்ளிக்கிழமை காலை தலை பின்னும்போது சொன்னேன்.

"இன்னைக்கு மிதிச்சிரு."

"மிதிச்சா படிப்பு வராதுன்னு நீதானே அம்மாச்சி சொன்னே."

"சொன்னேன்."

"அப்போ அது பொய்யா?"

பின்னலை இழுத்து முடிந்தேன். ஆ என்றாள். ஆறு பேரை வளர்த்தவளை இப்படி ஒருத்தரும் நிறுத்திக் கேட்டதில்லை. ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றால் இவள் மறுபடியும் கம்புதான். கடைசியில், "நான் ஒரு தாளைக்கூட மிதிச்சதில்லடி. எனக்கு எங்க வந்துச்சு படிப்பு?" என்றேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் ரிப்பனைக் கட்டி அனுப்பிவிட்டேன்.

ஆனாலும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் பின்னாலேயே போய் ஜன்னலோரம் நின்றேன். யாழினி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அந்த வகுப்பில் வேறு ஒரு பிள்ளையும் கழற்றவில்லை. பிறகு பாய்ந்தாள். படபடவென்று வாய்விட்டுப் படித்துக்கொண்டு போனாள். நடுவில் ஒற்றைக்கால், மறுபடியும் ஓட்டம், கடைசியில் கை கொக்கியாக வளைந்தது. ஓரிடத்திலும் தடுக்கவில்லை. குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள் என்று பார்த்தேன். அதெல்லாம் இல்லை. சிரித்துக்கொண்டு வரிசையின் கடைசிக்கு ஓடிவிட்டாள். அவள் ஒவ்வொரு தாளையும் மிதிக்க மிதிக்க, இங்கே என் கை ஜன்னல் கம்பியைத் தொட்டுத் தொட்டுக் கண்ணுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "கரயண்டா அம்மே, மோள் ஜயிச்சல்லோ" என்றார். அழ வேண்டாமாம். யார் அழுதது? இந்த ஊர்க்காரர்களுக்கு நான் எதைச் செய்தாலும் வேறொன்றாகத்தான் தெரிகிறது. பெயரை எழுதிக்கொண்டீர்களா என்று மட்டும் கேட்டேன். எழுதியாயிற்று என்றார்.

நான் சொல்லச் சொல்ல மகள் இதை எழுதி முடித்திருக்கிறாள். யாழினி, செல்போனை வைத்துவிட்டு வா, இதைப் படித்துக் காட்டு. தமிழை நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், பரவாயில்லை, எனக்கு அவசரமில்லை. தலை பின்னும்போது நான் சொன்ன பதில் வரும் இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள். இந்தத் தெருவில் வேறு யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது. காதில் விழுந்தால் மட்டும் நன்றாகப் புரியும்.