துப்பாக்கியின் நெற்றி

எனக்குக் கால் ஆடும். வகுப்பறையில், மின்ரயிலில், சாப்பாட்டுத் தட்டின் முன் என்று எங்கே உட்கார்ந்தாலும் சற்று நேரத்தில் வலது கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். காலாட்டினால் வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்று மும்பைச் செம்பூர் வீட்டின் சமையலறையிலிருந்தே அம்மா குரல் கொடுப்பாள். நிறுத்துவேன், அவள் வேறு வேலையில் ஆழ்ந்ததும் மறுபடி ஆடும். பேச்சில் நான் சிக்கனமானவள். வெளியே வராத பேச்செல்லாம் காலில் இறங்கிவிட்டதோ என்று எனக்கே ஓர் ஐயம் உண்டு.

மாட்டுங்காவில் இலக்கியம் படிக்கச் சேர்ந்த ஆண்டிலேயே கல்லூரியின் தேசிய மாணவர் படையிலும் சேர்ந்தேன். சீருடைமீது ஆசையெல்லாம் இல்லை. வருகைப்பதிவில் சலுகை கிடைக்கும் என்றார்கள். முதன்முறை சுடுதளத்துக்கு அழைத்துச் சென்றபோது, பாயில் குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கட்டையைத் தோளில் பொருத்தி, கன்னத்தை மரத்தில் வைத்தேன். பக்கத்துப் பாயில் இருந்தவள் இலக்கைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, ஒன் காலு செத்துப்போச்சா? ஆட மாட்டேங்கு!”

அப்படித்தான் அவள் எனக்குத் தோழியானாள். தாராவியை ஒட்டிய லேபர் கேம்பில் பிறந்து வளர்ந்தவள், வணிகவியல் மாணவி. அவளுடைய அப்பா தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டுத் திருநெல்வேலிப் பேச்சையும் தெருவின் பம்பாய் இந்தியையும் கலந்து மூச்சுவிடாமல் பேசுவாள். கேட்பதற்கு ஓர் ஆள் அவளுக்குத் தேவைப்பட்டது.

அன்று என் கையில் இருந்தது பழைய வகைத் துப்பாக்கி. மரக்கட்டை, நீண்ட எஃகுக் குழல், பக்கவாட்டில் போல்ட்டின் கைப்பிடி. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, தோட்டாவை வைத்து, முன்னே தள்ளிக் கீழே மடக்க வேண்டும். கதவைத் தாழிடுவது போலத்தான். சுட்ட பின் மறுபடி திறந்து, வெற்றுக்கூட்டை வெளியேற்றி, அடுத்ததை வைத்துத் தாழிட வேண்டும். இரண்டு குண்டுகளுக்கு நடுவே கைக்கு ஒரு வேலை இருந்தது. ஆடாமல் இரு என்று என்னிடம் சொன்னவர்கள் யாரும் அதற்கு ஒரு வழி சொன்னதில்லை. அந்தத் தாழ்ப்பாள் சொல்லிற்று.

எங்கள் படையில் புதிய துப்பாக்கிகளும் இருந்தன. கறுப்பு நெகிழிக்கட்டை, எடை குறைவு, சுட்டதும் தாமே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்பவை. பெரும்பாலோர் அவற்றுக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். நான் பழையதை விடவில்லை. தாழிட்ட பின் அதற்குள் அசைவதற்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை. விசையை அழுத்தினால் ஓர் ஊசி முன்னே பாய்கிறது, அவ்வளவே. தோட்டா ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், ஒரே இறுக்கத்தில் உட்காருகிறது. முன்பகுதியில் குழலும் மரமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி உண்டு. சுடும்போது குழல் அதிர்கிறது. அந்த அதிர்வுக்குக் குறுக்கே எதுவும் நிற்காதவரை, ஒவ்வொரு குண்டும் முந்தைய குண்டின் வழியிலேயே போகும். மையத்தைத் துளைப்பதுதான் துல்லியம் என்று அதுவரை நினைத்திருந்தேன். குறியைத் திருத்தினால் மையம் வந்துவிடும். முன்பு செய்ததை அப்படியே மறுபடி செய்வதுதான் அரிது. என்னைவிட மூத்த அந்த இரும்பு அதைச் சலிக்காமல் செய்தது.

எங்கள் பயிற்றுநர் வேலூர்ப் பக்கத்து ஹவில்தார். படை வழக்கப்படி அவரை ‘உஸ்தாத்’ என்றுதான் அழைப்போம். அவருக்கு என் விருப்பம் வேடிக்கையாக இருந்தது.

“அந்தக் கெழவனை இந்த வருசத்தோட ஸ்டோருக்கு அனுப்பப் போறேன்மா. நீ என்னடான்னா கட்டிக்கினு அழுவுற.”

“நல்லாதான் சுடுது, உஸ்தாத்.”

“நல்லாத்தான் சுடும். எத்தினி நாளைக்கு?”

இரண்டாம் ஆண்டில் மாநில முகாமின் துப்பாக்கிப் போட்டிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து நால்வரை அனுப்புவதாக அறிவிப்பு வந்தது. மூவர் முந்தைய ஆண்டே முடிவானவர்கள்; எஞ்சியது ஓரிடம். நான் எதையும் உரக்க விரும்பியவள் அல்லள். வகுப்பில் கையுயர்த்தியதில்லை, போட்டிகளில் பெயர் கொடுத்ததில்லை. அந்த ஓரிடத்தை மட்டும், யாரிடமும் சொல்லாமல், தூக்கம் கெடும் அளவுக்கு விரும்பினேன். தோழிக்கும் அதே ஆசை. அவள் அதைக் கல்லூரி முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் ஆயுத பூஜை வந்தது. படைக்கலங்களைக் கொலுவைத்துப் பூசை செய்வது அங்கும் வழக்கம். வெள்ளை விரிப்பில் துப்பாக்கிகளை வரிசையாகக் கிடத்தினார்கள். உஸ்தாத் எங்கள் இருவரையும் பார்த்தார்.

“நீங்க தமிழ்ப் பொண்ணுங்க. சந்தனம் குங்குமம் வெக்கிற வேலை உங்களுது.”

தோழி இதற்காகவே பிறந்தவள். பட்டறையில் ஒவ்வொரு தையல் எந்திரத்துக்கும் பொட்டு வைப்பவள் அவள்தான். கோயில் பக்கத்துக் கடையில் சந்தனத்தூளும் பன்னீரும் வாங்கிவந்து, கெட்டியாகக் குழைத்துக்கொண்டு முதல் துப்பாக்கியின் முன் மண்டியிட்டாள். பிறகு கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, இதுக்கு நெத்தி எங்க இருக்கு?”

“தெரியல.”

“மிஷினுன்னா தலைல வைப்போம். ஆட்டோன்னா முன்கண்ணாடி. இதுக்குத் தல அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?”

“குண்டு வெளிய வர்றது அந்தப் பக்கம்.”

“அதுல்லா வாய்! வாய்க்கு மேலதான நெத்தி.” குழலின் நுனியை உற்றுப் பார்த்தாள். “வாய்க்கு மேல முள்ளு மாதிரி ஒண்ணு நிக்கி. அதுல வச்சா ஒனக்குக் குறி தெரியாது. கொஞ்சம் தள்ளி வைக்கேன்.”

மரம் முடிந்து குழல் மட்டும் நீளும் இடத்தை அவள் நெற்றியென்று தீர்மானித்தாள். மற்றவற்றுக்கு ஒரு பொட்டுத்தான். என் துப்பாக்கி வந்ததும் விரலில் அள்ளி, மரமும் குழலும் சேரும் இடத்தில் மூன்று பட்டையாக அழுத்தித் தீற்றி, நடுவில் குங்குமம் வைத்தாள்.

“இது ஒனக்காக. பக்கா செயிக்கும், பாரு.”

அவளும் அதே இடத்துக்குப் போட்டியிடுகிறாள் என்பது அந்த நேரத்தில் அவள் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. மறுநாள் துணியால் எல்லாவற்றையும் துடைத்து உள்ளே வைத்தார்கள்.

தேர்வு நடந்த காலையில் வெயில் தகரக் கூரையைத் தாண்டிப் பாய்வரை வந்திருந்தது. விதி எளியது. ஆளுக்கு இரண்டு தாள், தாளுக்கு ஐந்து குண்டு, சிறந்த தாள் கணக்கில் சேரும். தோழி புதிய துப்பாக்கியால் சுட்டாள். அவளுடைய இரண்டாவது தாளில் நான்கு குண்டுகள் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன; ஐந்தாவது அதன் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் எல்லோரும் அவளுக்குப் பின்னே. ஐந்தையும் நான் கறுப்புக்குள் ஒழுங்காக வைத்தால் இடம் எனக்கு. ஒன்று வெளியே போனாலும் அவளுக்கு.

முதல் தாளைச் சுட்டு முடித்தபோது மனத்துக்குள் ஓர் இனிய நிச்சயம் இருந்தது. ஒவ்வொரு குண்டும் நினைத்தபடி போயிருந்தது. தாளைக் கொண்டுவந்து காட்டினார்கள். கறுப்பில் ஒன்றுகூட இல்லை. ஐந்து துளைகளும் மேலே, இடப்பக்கம், வெள்ளையில் கிடந்தன. ஒரு ரூபாய் நாணயத்தால் ஐந்தையும் மூடிவிடலாம், அவ்வளவு நெருக்கம்.

“கெழவனுக்குக் கண்ணு போயிடுச்சு,” என்றார் உஸ்தாத். “புதுசை எடுத்துக்கோம்மா. டைம் இருக்குது.”

கண் போன துப்பாக்கி இப்படிச் சுடாது, சிதறியிருக்கும். இதை ஏதோ ஒன்று இடைவிடாமல் ஒரே பக்கம் தள்ளுகிறது. கண்ணருகே குறிபார்க்க உதவும் பின்குறியைப் பார்த்தேன், இடம் மாறவில்லை. தோளை நினைத்தேன், மூச்சை நினைத்தேன். எண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன. மறுபடி கன்னத்தை மரத்தில் வைத்தபோது, வெயிலில் சூடேறிய குழலிலிருந்து சந்தனம் மணந்தது.

இலக்குத்தாளின் ஓரத்தைக் கிழித்து, குழலுக்கும் மரத்துக்கும் நடுவே செருகினேன். பாதி வழி போய் நின்றது. வெளிப்பூச்சைத்தான் துடைத்திருந்தார்கள், உள்ளே இறங்கியது சுண்ணாம்புபோல் உறைந்து, குழலைக் கீழிருந்து ஒரு பக்கமாக முட்டிக்கொண்டிருந்தது. குழலை மரத்தோடு பூட்டும் திருகைச் சுடுதளத்தில் நாங்கள் கழற்ற அனுமதியில்லை. புதியதை எடுத்துக்கொள்வதா? அது என் தோளுக்குப் பழகாதது. இன்னொரு வழி இருந்தது. தவறு மாறாமல் இருக்குமானால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். மேலே இடப்பக்கம் எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவு கீழே வலப்பக்கம், வெறும் வெள்ளையில் குறிவைக்கலாம்.

அப்படியே சுட்டேன். முதல் குண்டு கறுப்பில். தொலைநோக்கியில் பார்த்த உஸ்தாத் “ஷாபாஷ்” என்றார். இரண்டாவது அதன் பக்கத்தில். மூன்றாவது, நான்காவது. எல்லாம் ஒரு கைப்பிடிப் பூவைப்போல் ஒன்றாக.

ஐந்தாவதுக்காகத் தாழைத் திறந்தேன். பாயின்மேல், மரமும் குழலும் சேரும் இடத்துக்கு நேர் கீழே, மஞ்சளாகக் காய்ந்த சந்தனச் சில்லு ஒன்று கிடந்தது. விரல்நகத்தளவு.

முழுவதும் விழுந்துவிட்டதா, ஒரு பகுதிதானா? குனிந்து பார்க்கப் பிடியை விட வேண்டும். விட்டால் கட்டை தோளில் மறுபடி அதே இடத்தில் உட்காராது. மையத்தில் குறிவைப்பதா, இதுவரை வைத்த இடத்திலேயே வைப்பதா? நேரம் முடியப் போவதாக உஸ்தாத் குரல் கொடுத்தார். நடுவில் எதையும் மாற்றாதே என்பது சுடுகிறவர்கள் எல்லோரும் அறிந்த விதி. நான் மாற்றவில்லை. அதே வெள்ளைப் புள்ளியில் குறிவைத்து விசையை அழுத்தினேன்.

குண்டு அந்த வெள்ளைப் புள்ளியிலேயே போய் விழுந்தது.

தோழி கத்திக்கொண்டே ஓடிவந்தாள். “நான் போறேன்ட்டி! அரே, நான்—” பாயிலிருந்த சில்லைக் கண்டு நின்றாள். எடுத்து முகர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“இது நான் வச்சதா?”

“ஆமா.”

“இதுனாலயா?”

நான் விடை சொல்வதற்குள் அவள் உஸ்தாதின் முன்னே நின்றாள். “உஸ்தாத், நெத்தியில சந்தனம் வச்சது நாந்தான். அது உள்ள போய் இவளக் கெடுத்துட்டு. எடத்த இவளுக்கே குடுங்க.”

“நெத்தியா? ரைபிளுக்கா?” அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “ரிசல்ட் ரிசல்ட்தான். பேர் எழுதியாச்சு. இது இனிமே வேலைக்காவாது, ஸ்டோருக்குப் போவட்டும்,” என்று என் துப்பாக்கியைத் தூக்கினார்.

இடம் போனது சரி. அது விதி; அதை மாற்றச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தத் துப்பாக்கியைப் பற்றி ஒரு தவறான தீர்ப்பு எழுதப்படுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு தாள்களையும் எடுத்தேன். முதல் தாளை அரைச்சுற்றுச் சுழற்றித் தலைகீழாக்கி, இரண்டாவதன் பின்னே பொருத்தி, வெயிலுக்கு நேரே பிடித்தேன்.

“உஸ்தாத், இதைப் பாருங்க.”

என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. ஐந்தாவது குண்டின் துளை, பின்தாளின் ஐந்து துளைக் கூட்டத்தின் நடுவே ஒளிர்ந்தது.

“முதல்ல எவ்வளவு தள்ளிச்சோ, அவ்வளவு எதிர்ப்பக்கம் குறிவச்சேன். சந்தனம் விழுந்ததும் துப்பாக்கி சரியாயிடுச்சு. அஞ்சாவது நான் குறிவச்ச இடத்துலதான் போயிருக்கு. தப்பு என்னோடது. இது ஒரு தடவைகூட தப்பா சுடல.”

அவர் தாள்களை வாங்கித் தாமே ஒருமுறை பொருத்திப் பார்த்தார். பிறகு நிழலுக்குப் போய், திருகைக் கழற்றி, குழலைத் தூக்கி, மரப்பள்ளத்தில் மிச்சமிருந்த மஞ்சள் பொடியை ஊதினார். தோழியைத் திரும்பிப் பார்த்தார்.

“முகாமுக்கு எதை எடுத்துக்கினு போற? புதுசா, இதுவா?”

அவள் என்னைப் பார்த்தாள்.

“இதுதான்,” என்றாள்.

முகாம் நாசிக் பக்கம். போட்டி நடந்த மாலையில் நான் குர்லாவில் வண்டி மாறி, ஹார்பர் தடத்து மின்ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். தோழியிடமிருந்து கைபேசிக்கு ஒரு படம் வந்தது. ஓர் இலக்குத் தாள். கறுப்பின் உள்ளே ஐந்து துளைகள், ஒன்றையொன்று தின்றபடி. நல்லாயிருக்கு என்று எழுதி அனுப்பினேன். அது பொய்யன்று. ஆனால் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தபோது எழுந்த பொறாமை அந்த ஒரு சொல்லில் இல்லை. துளைகள் மையத்துக்குச் சற்றே வலப்பக்கம் இருந்தன.

‘பின்குறியை இடப்பக்கம் ஒரு சொடுக்கு திருப்பு,’ என்று எழுதினேன்.

‘நீயே வந்து திருப்பு, செம்பூர் மகாராணி. அடுத்த வருசம் ஒன்கூடத்தான் மோதணும்னு உஸ்தாத்ட்ட சொல்லிட்டேன்.’

என்ன பதில் எழுதுவதென்று நான்கு விதமாகத் தட்டச்சு செய்து அழித்துக்கொண்டிருந்ததில் செம்பூர் கடந்துபோயிருந்தது. கோவண்டியில் இறங்கி, மேம்பாலம் ஏறி, எதிர்ப்பக்க நடைமேடைக்குப் போனேன். உட்கார இடமிருந்தும் உட்காரவில்லை. வண்டி வரும்வரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டே, ‘சரி, மோதுவோம்’ என்று எழுதி அனுப்பினேன்.