கணினியில் செய்த ஹாரன்

"சரசக்கா இன்றும் ஏமாந்தார்" என்று 1987ஆம் ஆண்டு டைரியில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா அவர். கணவர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரி ஓட்டுநர். எங்கள் ஊர் புதுச்சத்திரத்தைக் கடக்கும்போது ஹாரன் அடிப்பார். அக்கா சோற்றுத் தூக்கோடு சாலைக்கு வந்தால் நிறுத்துவார், வராவிட்டால் போய்விடுவார். அதே ஹாரன் ஒலியை, அப்போது ஊரில் வேறெவரிடமும் இல்லாத என் வீட்டுக் கணினியில் உருவாக்கி, விசையைத் தட்டி ஒலிபெருக்கியில் அலறவிட்டேன்.

"வண்டி நிக்கலீங்களா தம்பி?" என்று தூக்கோடு ஓடிவந்த அக்கா மூச்சிரைக்கக் கேட்டார்.

"உங்க சோத்துக்குப் பயந்து ஓடிட்டாருங்க்கா."

மூன்றாம் முறை குட்டு வெளிப்பட்டது.

பிறகொரு நாள் ஹாரன் கேட்டது. "போதுஞ்சாமி உன்ற வெளையாட்டு!" என்று அடுப்படியிலிருந்தே கத்தினார். என் கணினி அணைந்திருந்தது. வீம்பில் நான் அதைச் சொல்லவில்லை.

அந்த வாரமே அக்காவின் கணவர் ஆந்திராவில் விபத்தில் இறந்தார். கடைசியாகக் கேட்ட அந்த ஹாரன் என் வேலையல்ல என்று அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அன்று கடந்தது அவர் வண்டிதானா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.