தாமரை விரிய மறுத்த கணினி

திருக்கழுக்குன்றம் தேரடிக்குப் பக்கத்தில் வீடியோ கடை நடத்தும் சுப்பிரமணி, ஒழுங்கு என்பதே தம்மோடு பிறந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தவர். கடையிலுள்ள ஒயர் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருப்பார். அப்படிப்பட்டவரைத்தான் கட்டைவிரல் அளவுள்ள ஒரு சாமான் ஒரு வாரம் ஆட்டிவைத்தது.

பழைய கணினி உயிரை விட்டதில் தொடங்கியது வினை. புதியது வந்த அன்று முறைப்படி கற்பூரம் காட்டினார். திரைக்கு ஒரு பொட்டு, விசைப்பலகைக்கு ஒரு பொட்டு. பழைய எடிட்டிங் மென்பொருளோடு வந்த டாங்கிளையும் அவர் விடவில்லை. பென்டிரைவ் போலிருக்கும் அந்தச் சாவியைச் செருகினால்தான் மென்பொருள் திறக்கும். எல்லாவற்றுக்கும் மூலம் அதுவே என்பதால், அதற்கு மட்டும் சந்தனத்தைத் தாராளமாக அப்பினார்.

மறுநாளே லோகநாயகி டீச்சர் வந்தார். அவருக்கும் கணவர் லக்ஷ்மிநாராயணனுக்கும் அறுபதாம் கல்யாணம் நடந்து முடிந்திருந்தது, படம்பிடித்தவர் சுப்பிரமணி.

“ஞாயித்துக்கிழம பையன் வெளிநாட்டுக்குக் கெளம்பறான், சுப்பிரமணி. அன்னைக்கு மத்தியானம் எல்லாரும் சேந்து பாக்கணும். என் பொண்ணு கல்யாணத்துக்குப் போட்டியே, தாமர விரிஞ்சு உள்ளருந்து ஜோடி வர்ற மாதிரி, அதேதான் வேணும். அந்தக் காலத்துல எங்க கல்யாணத்துல ஒரு போட்டோகூட எடுக்கலப்பா.”

“அதுக்கின்னா டீச்சர், போட்டுட்லாம்” என்றார் சுப்பிரமணி. அந்தத் தாமரை பழைய மென்பொருளில் மட்டுமே மலரும். அந்த மென்பொருளோ புதிய கணினியில் இன்னும் ஏறவே இல்லை. வாய் வாக்குக் கொடுத்த பிறகுதான் மூளைக்கு இது எட்டியது.

ஏற்றினார், ஏறியது. திறந்தார், ‘சாவியைக் காணவில்லை’ என்றது திரை. சாவி கண்ணெதிரே செருகியிருந்தது. அழித்துவிட்டு மீண்டும் ஏற்றினார். வைரஸ் காவலனை உறங்க வைத்தார். கணினியின் தேதியைக்கூடப் பின்னுக்குத் தள்ளி, காலத்தையே ஏமாற்றப் பார்த்தார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் புதிய இயங்குதளங்களின் ஆணவத்தைப் பற்றி விரிவுரை ஆற்றினார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர்கள் பாவம், முகத்தை அசைக்காமல் கேட்டுக்கொண்டார்கள்.

கடைசியில், பொத்தேரியில் எடிட்டிங் கடை வைத்திருக்கும் பிரவின்குமாரை அழைத்தார். தொழிலில் போட்டியாளர், பேச்சில் நண்பர்.

“இன்னா அண்ணாத்த, அந்த சாப்ட்வேர இன்னுமா கட்டிக்கினு அழுவுற? கம்பேட்டிபிலிட்டி மோடு போட்டியா?”

“பழைய சிஸ்டம் மாரி நடின்னு அதையும் போட்டேன்யா. நடிக்குது, ஆனா தொறக்கல.”

“டாங்கிளுக்கு டிரைவரு சாப்ட்வேரு?”

“புச்சா எறக்கிப் போட்டுட்டேன்.”

“அப்ப வேலைய எனக்குத் தள்ளு. ட்ரோனு, ஸ்லோ மோஷனுன்னு அசத்திடலாம்.”

“டீச்சருக்குத் தாமரதான் வேணுமாம்.”

“தாமரையா!” மறுமுனையில் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

சனிக்கிழமை காலை சுப்பிரமணி தோல்வியை ஒப்புக்கொண்டார். படப்பதிவுகளை ஹார்ட்டிஸ்கில் ஏற்றிக்கொண்டு பொத்தேரிக்குப் புறப்பட்டவர், நாஸ்தா கொண்டுவந்த மனைவி செல்லம்மாவிடம் டாங்கிளைப் பிடுங்கிக் கொடுத்தார்.

“இத்த குப்பைல போடு. பேஜாரு புடிச்சது.”

செல்லம்மா அதை மூக்கருகே கொண்டுபோனாள். “இன்னாயா இது, கோயில் வாசன வர்து?” உலோக வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். “அடப்பாவி மனுசா! உள்ள வரிக்கும் சந்தனத்த அடச்சி வெச்சிகீறியே! அதுக்கு எப்டியா மூச்சு வரும்?”

காய்ந்து இறுகிய சந்தனத்தைக் குண்டூசியால் சுரண்டி, பழைய பல் துலக்கியால் தேய்த்தார்கள். செருகியதும் சிறு விளக்கு எரிந்தது, மென்பொருள் திறந்தது. ஒயருக்குப் பெயர் ஒட்டும் புத்திசாலி நாற்காலியில் சரிந்தார். வாரம் முழுதும் திட்டித் தீர்த்த இயங்குதளத்திடம் மன்னிப்புக் கேட்கலாமென்றால், அதற்கொரு காது இல்லை.

பொத்தேரிக்கு வரவில்லை என்று போனில் சொன்னதும், “யாருக்கு அண்ணாத்த கோளாறு? சிஸ்டத்துக்கா, சாப்ட்வேருக்கா?” என்று கேட்டான் பிரவின்குமார்.

“எனக்குத்தான்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் டீச்சர் வீட்டுக் கூடத்தில் தாமரை விரிந்தது. உள்ளிருந்து மாலையும் கழுத்துமாக இருவரும் எழுந்து வந்தார்கள். மகன் பெட்டி கட்டுவதை விட்டுவிட்டுப் பார்த்தான். டீச்சர் நாற்காலியைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, “இன்னொரு தடவ போடு” என்றார்.

விருந்து முடிந்ததும் லக்ஷ்மிநாராயணன் சுப்பிரமணியிடம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். உடனே கூட வந்திருந்த செல்லம்மா குறுக்கிட்டாள்.

“சார், கிண்ணத்த அவரு கைல குடுக்காதீங்க. நீங்களே வெச்சிவுட்டுடுங்க.”

சுப்பிரமணி மறுபேச்சின்றிக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெற்றியைக் காட்டினார்.